காய்ந்த இலையும் காலாவதியான மசோதாவும்

புது தில்லி: நாடாளுமன்றத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பூசா வளாகத்தில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தாவர நோயியல் பிரிவில், சுமார் 50 ஆயிரம் காகித உறைகள் அடுக்கிப் பாதுகாக்கப்படுகின்றன. ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு காய்ந்த இலை இருக்கும். அல்லது ஒரு கதிர், ஒரு பட்டைத் துண்டு, ஒரு சுருங்கிய காய். அனைத்தும் நோயுற்றவை. செடிக்காக அல்ல, செடியைத் தின்ற பூசணத்துக்காகச் சேர்க்கப்பட்டவை என்பதால் பழுதற்ற இலைக்கு இங்கு இடமில்லை.

உறையின் மேல் ஒட்டிய சீட்டில் நான்கு செய்திகள் உண்டு: எந்தப் பயிர், எந்த ஊர், எந்த நாள், எடுத்தவர் யார். இந்த நான்கும் இருந்தால்தான் காய்ந்த இலை சாட்சியாகும். சீட்டு கிழிந்துவிட்டால் அது வெறும் சருகு.

ஒரு பயிர்நோய் இந்த மண்ணில் முன்பே இருந்ததா, அல்லது இறக்குமதியான விதையோடும் கிழங்கோடும் புதிதாக நுழைந்ததா? இறக்குமதித் தடை, ஏற்றுமதிச் சான்றிதழ், எல்லை மாவட்டங்களில் சாகுபடிக்குத் தடை என அரசு எடுக்கும் முடிவுகள் பலவும் இந்தக் கேள்விக்கான விடையைப் பொருத்தே அமைகின்றன. விடையை ஊகத்தால் சொல்லலாம். அல்லது உறையைத் திறந்து பார்த்துச் சொல்லலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடந்த கால் நூற்றாண்டின் மரபணு ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. ஆனால், உணவுப் பாதுகாப்பு குறித்து அவைகளில் மணிக்கணக்கில் விவாதம் நடக்கும் இந்நாட்டில், இந்த உறைகளைப் பற்றிய பேச்சு எழுவது அரிது.

பிகாரிலிருந்து தில்லிக்கு

இந்தத் தொகுப்பின் அதிகாரப்பூர்வப் பெயர் லத்தீன் மொழியில் அமைந்தது: ஹெர்பேரியம் கிரிப்டோகாமே இண்டியே ஓரியண்டாலிஸ். ஆய்வாளர்கள் அதைச் சுருக்கி ஹெச்.சி.ஐ.ஓ. என்கின்றனர். 1905-ல் இதைத் தொடங்கியவர் எட்வின் ஜான் பட்லர். அயர்லாந்தில் பிறந்து மருத்துவம் படித்த அவர், 1901-ல் இந்தியாவுக்குப் பூசண ஆய்வாளராக வந்தார். உருளைக்கிழங்குக் கருகலால் சுமார் 10 லட்சம் பேரைப் பட்டினிக்குப் பலிகொடுத்த நாட்டிலிருந்து வந்தவர் பயிர்நோய் ஆய்வில் இறங்கியது வியப்பன்று.

பூசா என்பது முதலில் பிகாரில் உள்ள ஊரின் பெயர். அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையின் துணையோடு அங்கு ஏகாதிபத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. 1934 ஜனவரி 15-ல் பிகாரை உலுக்கிய பூகம்பத்தில் கட்டடம் சிதைந்தது. 1936-ல் நிறுவனம் தில்லிக்கு மாறியது. ஊர்ப் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. உலர்ந்த இலைகளும் அந்தப் பயணத்தில் வந்து சேர்ந்தவைதாம்.

பட்லர் 1918-ல் எழுதிய இந்தியப் பயிர்நோய் நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று. 1920-ல் லண்டன் கியூவில் தொடங்கப்பட்ட ஏகாதிபத்தியப் பூசணவியல் மையத்தின் முதல் இயக்குநராகவும் அவரே பொறுப்பேற்றார். அந்த மையம் சேர்த்த தொகுப்பு 2009-ல் கியூ தாவரவியல் பூங்காவின் பூசணக் காப்பகத்தோடு இணைக்கப்பட்டது. அங்குள்ள மாதிரிகள் இப்போது சுமார் 12.5 லட்சம். தில்லியின் தொகுப்புக்கும் லண்டனின் தொகுப்பில் ஒரு பகுதிக்கும் அடித்தளமிட்டவர் ஒருவரே என்பதை நினைவில் கொண்டால், இந்தியப் பூசணங்கள் பலவற்றின் மூல மாதிரிகள் ஏன் இங்கிலாந்தில் இருக்கின்றன என்பது விளங்கும்.

மூல மாதிரி என்பது என்ன? ஒரு பூசணத்துக்கு முதன்முதலாகப் பெயரிடும் ஆய்வாளர், எந்த மாதிரியைப் பார்த்துப் பெயரிட்டாரோ அதுவே மூல மாதிரி. நிலப் பத்திரத்துக்குத் தாய்ப்பத்திரம் எப்படியோ, பூசணத்தின் பெயருக்கு இது அப்படி. பின்னாளில் எவருக்கு ஐயம் எழுந்தாலும் அந்த உறையைத் திறந்துதான் தீர்க்க வேண்டும்.

மாதிரியைத் தயாரிக்கும் முறை எளியது. நோயுற்ற இலையை உறிஞ்சு தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, ஈரம் போகும் வரை தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மடித்த காகித உறையில் இட்டுச் சீட்டு ஒட்ட வேண்டும். கடினம் அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. காய்ந்த இலையைத் துளைக்கும் சிறு வண்டுகளும், மழைக்கால ஈரமும், அந்த ஈரத்தில் மாதிரியின் மேலேயே புதிதாகப் படரும் பூஞ்சையும் காப்பகத்தின் நிரந்தர எதிரிகள். முற்காலக் காப்பகங்களில் பாதரச உப்பு பூசுவது வழக்கம். அது வண்டைக் கொன்றது. கையாளும் மனிதருக்கும் நஞ்சாயிற்று.

ஆஸ்டின் டவுன் சமையலறையில்

தில்லி அலமாரிக்கும் தென்னாட்டுக் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பெங்களூருவில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் ஆஸ்டின் டவுனை எடுத்துக்கொள்வோம். அங்கு ஒரு வீட்டில் காலையில் காப்பி, மதியம் ரசத்துக்குத் தக்காளி, வாரத்தில் சில நாள் ராகிக் களி, உண்ட பின் பெரியவர்களுக்கு வெற்றிலை பாக்கு. கர்நாடக மண்ணில் விளையும் இந்த நான்கு பொருள்களுக்கும் ஒவ்வொரு கொள்ளை நோய் உண்டு. நான்கின் வரலாறும் காய்ந்த மாதிரிகள் வழியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் காப்பி. 1869-ல் இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்கா இயக்குநர் துவெய்ட்ஸ், ஆரஞ்சு நிறப் பொடி படிந்த காப்பி இலைகள் சிலவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாதிரியாரும் பூசண ஆய்வாளருமான பெர்க்லி அதை ஆராய்ந்து ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயரின் பின்பாதிக்கு அழிப்பவள் என்பது பொருள். அயர்லாந்து உருளைக்கிழங்குக் கருகலுக்குக் காரணம் மழையன்று, ஒரு பூசணமே என்று 1840-களில் வாதிட்டவரும் இதே பெர்க்லிதான். அவருடைய தொகுப்பு 1879-ல் கியூவைச் சேர்ந்தது.

பெயர் சூட்டியதோடு நோய் நின்றுவிடவில்லை. 1880-ல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இளம் ஆய்வாளர் மார்ஷல் வார்டு, இலைத்துருவின் வித்துகள் காற்றில் பரவுவதை நிறுவியபோது, தோட்டங்கள் கைமீறிப் போயிருந்தன. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் சரிந்தது. துரைமார்கள் அதே மலைகளில் தேயிலை நட்டனர்.

தமிழ் வாசகர் இங்கு சற்று நிற்க வேண்டும். காப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பெரும்பாலும் பழம் பறிக்கும் மாதங்களில். சென்னை மாகாணத்துக் கிராமங்களிலிருந்து நடந்தும் தோணியேறியும் சென்ற கூலிகளில் பெரும் பகுதியினர் பருவம் முடிந்து ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. எனவே குடும்பங்கள் லயன் அறைகளில் நிலையாகக் குடியேறின. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் வழிவந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரி - சிறிமாவோ உடன்பாட்டில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டனர். எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிய முடிவு 1974 வரை காத்திருந்தது. மலையகத் தமிழர் துயரத்துக்குப் பூசணம் ஒன்றே காரணம் என்பது மிகை; ஆட்சியாளர்களின் முடிவுகளே அதைத் துயரமாக்கின. எனினும், பருவக்கூலிகளை நிரந்தரக் குடிகளாக்கிய மாற்றத்தின் தொடக்கச் சான்று அந்தச் சில இலைகள்.

துரு நோய் விரைவிலேயே தென்னிந்தியத் தோட்டங்களையும் எட்டியது. கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் 1925-ல் அமைந்த காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய மேய்ன், துருப் பூசணம் ஒரே இனமாக இருந்தாலும் அதற்குள் வெவ்வேறு உட்பிரிவுகள் உண்டு என 1932-ல் அறிவித்தார். ஓர் உட்பிரிவைத் தாங்கும் காப்பிச் செடி மற்றொன்றுக்குப் பலியாவது ஏன் என்பது அதன் பின்னரே புரிந்தது.

பாக்கின் கதை சிறியது. மலைநாட்டில் மழைக்காலத்தில் குலைகுலையாகப் பாக்கு அழுகி உதிர்வதைக் கன்னடத்தில் கொளெ ரோகம் என்பர். மைசூர் சமஸ்தானம் பணியமர்த்திய கனடாக்காரர் லெஸ்லி கோல்மன் அதன் காரணியைக் கண்டறிந்து 1910-ல் வெளியிட்டார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிக்கப் பழக்கினார். இன்றும் மலைநாட்டு விவசாயி அதைத்தான் தெளிக்கிறார்.

தக்காளியும் பழைய பேரரசும்

தக்காளிக்கு வருவோம். தக்காளியையும் உருளைக்கிழங்கையும் ஒருசேரத் தாக்கும் பின்கருகல் நோய், 1870-க்கும் 1880-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நீலகிரியில் முதலில் தென்பட்டது. அதன் காரணியான பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ், கண்டிப்பான வகைப்பாட்டில் பூசணம் அன்று. பழுப்புப் பாசிகளுக்கு உறவான வேறொரு குலத்தைச் சேர்ந்தது. ஆனால் எல்லாக் காப்பகங்களிலும் அது பூசணங்களோடுதான் வைக்கப்பட்டுள்ளது. பழைய ஏற்பாட்டை எவரும் மாற்றவில்லை.

நீலகிரிக்கு அந்த நோய் எங்கிருந்து வந்தது? நூறாண்டுக்கும் மேலாக இக்கேள்விக்கு ஊகமே விடையாக இருந்தது. 2013-ல் ஜெர்மனி, பிரிட்டன் ஆய்வாளர்கள் அடங்கிய குழு, 1845-க்கும் 1896-க்கும் இடையே சேகரித்து உலர்த்தப்பட்ட இலைகளிலிருந்து இந்நுண்ணுயிரியின் மரபணுத் தொகுப்பையே மீட்டெடுத்தது. அயர்லாந்துப் பஞ்சத்தை விளைத்தது அதுவரை நம்பப்பட்ட யு.எஸ்.-1 என்ற குலம் அன்று, அதற்கு நெருங்கிய மற்றொரு குலம் என்பது அதில் தெரியவந்தது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் ரிஸ்டைனோவும் அமாண்டா சாவிலும் 2021-ல் இதை மேலும் விரித்தனர். ஆறு கண்டங்களிலிருந்து 1845 முதல் 1991 வரை சேகரிக்கப்பட்ட 140 மாதிரிகளை அவர்கள் ஆராய்ந்தனர். சுமார் 73 சதவீத மாதிரிகளில் அயர்லாந்துப் பஞ்சத்தின் அதே குலம் இருந்தது. மாதிரி கிடைத்த முன்னாள் பிரிட்டிஷ் காலனிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதலில் காணப்பட்டது அந்தக் குலமே. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அது ஐரோப்பாவிலிருந்து பரவியிருக்க வேண்டும் என்பது ஆய்வின் முடிவு. பேரரசு கப்பலில் ஏற்றி அனுப்பிய விதைக்கிழங்கோடு பஞ்சத்தின் வித்தும் பயணம் செய்தது என்பதற்கு, மேடைப் பேச்சு அன்று, காய்ந்த இலையே சான்று.

இது பழங்கதையோடு முடியவில்லை. கர்நாடகத்தில் 2008 முதல் சில ஆண்டுகள் உருளைக்கிழங்கும் தக்காளியும் பின்கருகலால் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் சௌடப்பா தலைமையிலான குழு, தென்னிந்தியாவில் முன்பிருந்த குலம் அகன்று 13-ஏ2 என்ற வீரியமான குலம் அதன் இடத்தைப் பிடித்துவிட்டதைக் கண்டறிந்தது. அதே குலம் 2004 அளவில் ஐரோப்பாவில் அடையாளம் காணப்பட்டு, சில ஆண்டுகளிலேயே பிரிட்டன் வயல்களில் மேலோங்கியிருந்தது. ஒரு குலம் போய் இன்னொன்று வந்தது என்று அடித்துச் சொல்ல, போனது எது என்பதற்கு முந்தைய ஆண்டுகளின் மாதிரி வேண்டும். சேகரித்து வைக்காத ஆண்டுகளைப் பற்றி எந்த ஆய்வகமும் எதையும் சொல்ல முடியாது.

ராகியிலிருந்து கோதுமைக்கு

ராகியைத் தாக்கும் குலைநோயை இந்தியாவில் முதலில் பதிவு செய்தது சென்னை மாகாணத்தில்தான். அரசுப் பூசணவியலாளர் மெக்ரே 1920-ல் தஞ்சைப் பகுதியிலிருந்து அதைப் பதிவு செய்தார். அதற்கு முந்தைய ஆண்டு அதே தஞ்சை டெல்டாவில் நெற்குலைநோய் பெருமளவில் தாக்கியிருந்தது. ராகியையும் நெல்லையும் தாக்குபவை மிக நெருங்கிய உறவினர். மூன்றாவது உறவினர் ஒருவர் பிரேசிலின் பரானா மாநிலத்தில் 1985-ல் கோதுமையில் தென்பட்டார். தென் அமெரிக்காவைத் தாண்டாமல் இருந்த அவர், 2016 பிப்ரவரியில் வங்கதேசத்தில் வந்திறங்கினார். சுமார் 15 ஆயிரம் ஹெக்டேர் கோதுமை பாதிக்கப்பட்டது.

வங்கதேசத்து வயல்களில் எடுத்த மாதிரிகளின் மரபணு விவரத்தை ஆய்வாளர்கள் உடனுக்குடன் பொதுவில் வெளியிட்டனர். சேமிப்பில் இருந்த தென் அமெரிக்க மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, வந்தது உள்ளூர் நெற்குலைநோய் உருமாறியதன்று, கடல் கடந்து வந்த கோதுமைக் குலமே என்பது சில மாதங்களிலேயே தெளிவாயிற்று. 2017-ல் மேற்கு வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் நோய்க்குறி காணப்பட்டதாகத் தெரியவந்ததும் வயல்கள் தீயிடப்பட்டன. அந்த மாவட்டங்களிலும், எல்லையை ஒட்டிய 5 கிலோமீட்டர் பகுதியிலும் கோதுமை பயிரிடுவது சில ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது. எரிந்தது சிறு விவசாயியின் பயிர். அத்தகைய முடிவை எடுக்கும் அரசிடம் ஐயமற்ற சான்று இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

சான்று போதாதபோது என்ன நேரும் என்பதற்கு 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் எடுத்துக்காட்டு. அவ்வாண்டு அக்டோபரில் வங்காளத்தில் பூசணவியலாளராகப் பணியேற்கச் சென்ற பத்மநாபன், வழியெங்கும் பட்டினிப் பிணங்களைக் கண்டவர். பின்னாளில் கட்டக் மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரான அவர், 1942-ல் பரவிய நெல் செம்புள்ளி நோயே விளைச்சலைச் சூறையாடியது என 1973-ல் எழுதினார். அவர் ஆதாரமாகக் கொண்டவை முக்கியமாக இரண்டு ஆய்வுப் பண்ணைகளின் விளைச்சல் பதிவேடுகள். 1981-ல் அமர்த்திய சென், அரிசி இல்லாமையன்று, ஏழைக்கு அரிசி வாங்கும் வலிமை இல்லாமற் போனதே பஞ்சத்துக்குக் காரணம் என்று வாதிட்டார். பிரிட்டிஷ் அரசின் போர்க்காலக் கொள்கைகளைக் குற்றம் சாட்டுவோர் சென்னின் பக்கம்; பயிர் உண்மையிலேயே பொய்த்தது என்போர் பத்மநாபன் பக்கம். சுமார் 30 லட்சம் உயிர்களைப் பற்றிய இந்த வழக்கில், எந்தெந்த மாவட்ட வயல்களில் நோய் எந்த அளவில் இருந்தது என்று காட்டும் உறைகள் ஊர்தோறும் சேர்க்கப்பட்டிருந்தால் விவாதத்தின் போக்கே வேறாக இருந்திருக்கும்.

ஊர்ப் பெயர் நோய்ப் பெயரானால் என்னாகும் என்பதற்கு ஹரியாணாவின் கர்னால் சான்று. அங்கிருந்து கிடைத்த கோதுமை மணிகளில் புதியதொரு கரிப்பூட்டை நோயைக் கண்ட மனோரஞ்சன் மித்ரா 1931-ல் அதை வெளியிட்டார். கர்னால் பண்ட் என்ற பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது. பல நாடுகள் தம் கோதுமை இறக்குமதி நிபந்தனைகளில் இந்த நோய் இருக்கக் கூடாது என எழுதின. 1996 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் அதே நோய் தென்பட்டபோது, பிறருக்கு விதித்த நிபந்தனை தமக்கே திரும்பி வந்ததை அமெரிக்க விவசாயிகள் உணர்ந்தனர். நேர்மையாகப் பதிவு செய்த நாடு விலை கொடுக்கிறது என்பது உண்மை. பதிவு செய்யாத நாடு, வாங்குபவர் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை.

பெங்களூரு எனும் சீட்டு

இந்தத் தொகுப்புகளை வெள்ளையர் மட்டுமே வளர்த்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. கோயம்புத்தூரில் சுந்தரராமனும் பின்னர் டி.எஸ். ராமகிருஷ்ணனும் அரசுப் பூசணவியலாளர்களாகத் தென்னாட்டுப் பயிர்நோய்களைப் பதிவு செய்தனர். இந்தியத் தாவர நோயியல் சங்கத்தை 1947-ல் நிறுவிய முந்த்குர், கரிப்பூட்டைப் பூசணங்களில் உலக அளவில் மதிக்கப்பட்டவர்.

1940-களில் பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியின் தாவரவியல் துறையில் இருந்த மண்டயம் திருமலாச்சார், நகரைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் மைசூர்க் காடுகளிலும் துருப் பூசணங்களையும் கரிப்பூட்டைகளையும் தேடித் திரிந்து பல புதிய இனங்களை விவரித்தார். அவரும் முந்த்குரும் இணைந்து எழுதிய இந்தியக் கரிப்பூட்டை நூல் 1952-ல் வெளிவந்தது. பின்னர் பிம்ப்ரி இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்துக்குச் சென்று, பூஞ்சைத் தொற்றுக்கு எதிரான ஹாமைசின் மருந்தைக் கண்டறிந்த குழுவுக்கும் தலைமை தாங்கினார். அவர் காலத்துப் புல்வெளிகள் பல இன்று கட்டடங்களாகிவிட்டன. அங்கு என்ன பூசணம் எந்தச் செடியில் வாழ்ந்தது என்பதை இனி நேரில் சென்று பார்க்க இயலாது. பெங்களூரு என்று எழுதிய சீட்டுகளில்தான் பார்க்க முடியும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ். சதாசிவன் வளர்த்த தாவரவியல் ஆய்வுக்கூடமும், அங்கு பணியாற்றிய சி.வி. சுப்பிரமணியன் 1971-ல் வெளியிட்ட நூலும் இந்தியப் பூசணவியலுக்கு உலக மரியாதையைப் பெற்றுத் தந்தன. புணேயின் அகார்கர் நிறுவனத்தில் அஜ்ரேகர் பெயரிலான காப்பகம் உள்ளது. அமைப்புகளுக்குக் குறைவில்லை. உறையைத் திறந்து, நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்னது என்று சொல்லத் தெரிந்தவர்களே குறைந்து வருகின்றனர். இனங்காணும் கலைக்கு ஆய்வு நிதியும் பதவி உயர்வும் எளிதில் கிடைப்பதில்லை. அடுத்த தலைமுறை மூலக்கூறு உயிரியலுக்குச் சென்றுவிட்டது. 1990-களின் இறுதியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வகைப்பாட்டியலுக்கென அகில இந்தியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியதே இந்தக் குறையை ஒப்புக்கொண்டுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டினால் ஒரு சிக்கல் தெரியும். மாநிலப் பட்டியலின் 14-வது இனம் வேளாண்மையோடு, பூச்சிகளிலிருந்து பாதுகாப்பையும் தாவர நோய்த் தடுப்பையும் மாநிலங்களுக்கே அளிக்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு நோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலின் 29-வது இனம். மாநிலங்களுக்கிடையிலான தொற்றுத்தடைக் காப்பும், வெளிநாட்டு இறக்குமதியும் மத்தியப் பட்டியலில் உள்ளன. பூசண வித்துக்கு இந்தப் பாகுபாடு தெரியாது.

இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது 1914-ஆம் ஆண்டின் அழிவு விளைக்கும் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம். அதன் கீழ் 2003-ல் பிறப்பிக்கப்பட்ட தாவரத் தொற்றுத்தடை ஆணை 2004 முதல் நடைமுறைக்கு வந்தது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் விதை, கிழங்கு, மரம் ஆகியவற்றைச் சோதிப்பது அதன்படிதான். இது போதாது, ஒருங்கிணைந்த வேளாண் உயிரிப் பாதுகாப்பு அமைப்பு வேண்டும் என எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் பரிந்துரைத்தது. பூசா நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் என்ற முறையில் அதன் தேவையை அவர் நன்கு அறிந்தவர்.

அதன் வழியில் வேளாண் உயிரிப் பாதுகாப்பு மசோதா 2013 மார்ச்சில் மக்களவையில் அறிமுகமானது. 1914 சட்டத்தையும், கால்நடை இறக்குமதி குறித்த 1898 சட்டத்தையும் நீக்கிவிட்டு, பயிர், கால்நடை, மீன் ஆகிய அனைத்துக்குமான ஆணையம் ஒன்றை அமைப்பது அதன் நோக்கம். மசோதா நிறைவேறவில்லை. 2014-ல் 15-வது மக்களவை கலைக்கப்பட்டபோது காலாவதியாயிற்று. மாநில உரிமையில் கை வைக்கிறது என்ற ஐயத்துக்கு இடம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஐயத்தை விவாதித்துத் தீர்க்கும் இடம்தான் அவை. வங்கதேசக் கோதுமையில் குலைநோய் தோன்றியது இரண்டே ஆண்டுகளுக்குப் பின்.

மாதிரிகளை நேரடியாகக் குறிப்பிடுவது 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம். மத்திய அரசு களஞ்சியங்களை அறிவிக்கலாம், புதிய இனத்தைக் கண்டறியும் எவரும் அதன் சான்று மாதிரியை அங்கு ஒப்படைக்க வேண்டும், களஞ்சியம் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது 39-வது பிரிவு. அவ்வாறு அறிவிக்கப்பட்டவற்றில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்று. பத்திரமாக வைத்திரு என்று சொல்லும் பிரிவு, குளிரூட்டிக்கும் அலமாரிக்கும் காப்பாளரின் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. 2023-ல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது அவைக்கு உள்ளும் வெளியிலும் நடந்த வாக்குவாதம் பெரும்பாலும் ஆயுஷ் மருத்துவர்களுக்கான விலக்கு, பலன் பகிர்வு, சிறைத்தண்டனைக்குப் பதில் அபராதம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது.

வெளிநாட்டினர் இந்திய உயிரியல் வளங்களை ஆராய்ச்சிக்குப் பெற, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். கியூவில் உள்ள நம் மாதிரிகளோ அந்தச் சட்டத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்பே கடல் கடந்தவை. அவற்றைத் திருப்பிக் கேட்பது பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எண்ணிம வடிவில் படம் எடுத்து இரு நாடுகளும் பகிர்ந்துகொண்டால் போதும் என்பது ஒரு வாதம். படத்திலிருந்து மரபணுவைப் பிரிக்க முடியாது என்பது எதிர்வாதம்.

மரபணுவைப் பிரிப்பதும் செலவில்லாத காரியமன்று. உலர்ந்த இலையில் மரபணு இழை பொடிப்பொடியாக முறிந்திருக்கும். அதை மீட்க இலையின் ஒரு துணுக்கை வெட்டிக் கரைத்தாக வேண்டும். வெட்டிய துணுக்கு திரும்ப வராது. பட்லர் காலத்து இலை சில சென்டிமீட்டர் அகலமே இருக்குமானால், இன்று ஓர் ஆய்வுக்கு அனுமதித்தால் நாளை மேம்பட்ட கருவியோடு வருபவருக்கு எதுவும் எஞ்சாது. அனுமதிக்க மறுத்தால் இன்றைய கேள்விக்கு விடை கிடைக்காது. ஒவ்வொரு காப்பாளரும் ஒவ்வோர் உறையிலும் எதிர்கொள்ளும் முடிவு இது.

1914-ல் சட்டம் இயற்றப்பட்டபோது பட்லர் பிகார் பூசாவில் பணியில் இருந்தார். நூறாண்டு கழித்து அதற்கு மாற்றாக வந்த மசோதா காலாவதியானதால், துறைமுக அதிகாரி அவர் காலத்துச் சட்டத்தை வைத்தும், தில்லி ஆய்வாளர் அவர் காலத்து உறைகளை வைத்தும் பணியைத் தொடர்ந்தனர்.